மூக்குத்தியை வெளுத்த ஸ்நோ

போன வாரம் நம் கடைக்கு ஒரு சோப்பு வாங்க வந்திருந்தேன். ஒரு காலத்தில் இதே தளத்துக்கு நான்தான் மேற்பார்வை என்பது அங்கே நின்றிருந்த ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், எதிரே இருந்த அம்மாளிடம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சொன்னாள்: “நான்கூட இந்த கிரீம்தாங்க மேடம் போடறேன்.” அந்த அம்மாள் அவள் கன்னத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெண் அந்த கிரீமை மோந்துகூடப் பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்கிறீர்களா? பூந்தமல்லி கடைத்தெருவில் அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னவள் நான்தான். அதைச் சொல்லும்போது குரல் எந்த இடத்தில் குழையும், கண் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்கள் மேனேஜர் கேட்டார். பில் போடுவதும் சரக்கு அடுக்குவதும் வாசனையை மணிக்கட்டில் தெளித்துக் காட்டுவதும் அவரே சொல்லித் தருவார். நான் ஒரு மூக்குத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததால் எனக்கு இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த ஒரே தகுதியில் பூந்தமல்லி கடைத்தெருவிலிருந்த சென்ட் கடையில் வேலை கிடைத்தது. கடையின் முன்பக்கத்தில் முதலாளி உட்கார்ந்து ஆண்களுக்கு அத்தர், தலைக்குத் தடவும் தைலம், மீசை மெழுகு எல்லாம் விற்பார். பின்பக்கத்தில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் பெண்களுக்கு நான். தன் முகத்திலுள்ள குறையை எந்தப் பெண்ணும் ஓர் ஆணிடம் சொல்ல மாட்டாள், ஆனால் இன்னொரு பெண்ணிடம் அரை மணி நேரம் சொல்வாள் என்று கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி. அவர் வாழ்நாளில் கண்டுபிடித்த உண்மைகளில் அது ஒன்றுதான் தேறும்.

திரைக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு விருப்பம் உண்டு. அதை யாராலும் அசைக்க முடியாது. ஒரு வாத்தியார் சம்சாரம் ரோஜா அத்தரைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். “என் மூக்கை ஏமாத்த முடியாதும்மா” என்பார். ஒரு நாள் ரோஜா தீர்ந்துபோயிற்று. முதலாளி மல்லிகை அத்தரில் ஒரு துளி சிவப்புச் சாயம் விட்டுக் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாள் மறுநாளே திரும்பி வந்து, “இத்தனை நாளா நீங்க குடுத்ததெல்லாம் போலி. இதுதான் அசல் ரோஜா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது நினைத்தால் அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அந்த மூக்கை நம்பித்தானே அவர் என் கையைப் பிடித்தார்.

எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். “நீ இன்னா பூசிக்கிறே?”

என் முகம் அந்தக் காலத்தில் பளிச்சென்று இருக்கும். காரணம் ரொம்பச் சாதாரணம். காலையில் வெயில் ஏறுமுன் கடைக்குள் நுழைந்தால், இறங்கிய பிறகுதான் வெளியே வருவேன். பயத்தமாவும் கிணற்றுத் தண்ணீரும்தான் என் குளியல். இதைச் சொன்னால் எதை விற்பது? அதனால் அன்றைக்கு எந்தச் சரக்கு அதிகம் தேங்கியிருக்கிறதோ அதைக் கையில் எடுத்து, “நான்கூட இதைத்தான் பூசறேன்” என்பேன். யாரும் அதைச் சொல்லச் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். முதலாளி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுவிட்டு, “பேஷ்!” என்றார். நான் அதை ஒரு பதக்கம் போல மாட்டிக்கொண்டேன்.

சண்டை முற்றியதும் சீமைச் சரக்கு வருவது நின்றுவிட்டது. முகத்துக்குப் பூசும் ஸ்நோ இல்லை, பவுடர் இல்லை, வாசனைச் சோப்பு இல்லை. பெண்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். முதலாளி இரண்டு வாரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, கொல்லைப்புறத்துக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு உள்ளே எதையோ அரைக்கத் தொடங்கினார். யாரோ ஒரு நாடோடி வைத்தியன் சொன்ன முறையாம். மாதக் கடைசியில் வெள்ளைப் பீங்கான் டப்பாக்களில் அது வெளியே வந்தது. பெயர் ‘சந்திரவதனா ஸ்நோ’. மூடியில் ஒரு பெண்ணின் முகம். அந்தப் பெண்ணுக்கு மூக்கு எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று அச்சடித்தவனுக்கே தெரிந்திருக்காது; அவ்வளவு வெள்ளை.

“இதுல என்னங்க சேருது?” என்று கேட்டேன்.

“அதைக் கேக்காதே. பத்து நாள்ல காக்காவைக் கொக்கா ஆக்கும். அவ்வளவு தெரிஞ்சா போதும் உனக்கு.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பிள்ளைகளே, நான் செய்த முதல் தப்பு இதுதான். பொய் சொன்னதுகூட இரண்டாவதுதான்.

ஒரு சனிக்கிழமை, நசரத்பேட்டையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நெல்லும் கத்தரியும் போடுகிற குடும்பம். மகள் பெயர் கன்னியம்மா. பதினெட்டு வயதிருக்கும். களத்திலும் வயலிலும் நின்ற உடம்பு. நல்ல கறுப்பு, அந்தக் கறுப்பில் ஒரு மாசு கிடையாது. கழுவித் துடைத்த கருங்கல் போல முகம். மூக்கில் ஒரு கல் பதித்த பவுன் மூக்குத்தி, அந்த முகத்தில் அது தனியாக மின்னியது.

“பதினஞ்சு நாள்ல பொண்ணு பாக்க வர்றாங்கம்மா” என்றாள் தாய். “ஆவடில பட்டாளத்துக் கிடங்கு கீதுல்ல, அதுல கொமாஸ்தா புள்ள. அவங்கம்மா செவப்பாத்தான் வோணும்னு சொல்லிகினு கீறாங்களாம். எதுனா குடு.”

கன்னியம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சீப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சந்திரவதனாவை எடுத்து வைத்தேன். தாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ இன்னா பூசிக்கிறே?”

“நான்கூட இதைத்தான் பூசறேன்.”

கன்னியம்மா அப்போதுதான் முதன்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நம்பாத பார்வை இல்லை அது. நம்பலாமா என்று கேட்கிற பார்வை. நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். அவள் நம்பிவிட்டாள்.

பத்து நாளில் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை கூடவே அத்தைக்காரி ஒருத்தி. அவள் குரல் திரையைத் தாண்டுவதற்கு முன்பே கடைத்தெருவையே தாண்டிவிட்டது.

“யாருடி அவ, வெள்ளைக்கார மூஞ்சி? வெளிய வா!”

திரையை விலக்கினேன். கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் தோல் சிவந்து வீங்கி உரிந்துகொண்டிருந்தது. உரிந்த இடம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நெற்றியில் நீர் கோத்த கொப்புளங்கள். கண் இமை தடித்து, ஒரு கண் பாதிதான் திறந்தது. அந்த முகத்தோடு வெயிலில் நசரத்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

ஆனால் அத்தைக்காரி காட்டியது முகத்தை இல்லை. மூக்கை.

“பவுனு மூக்குத்திடி! எங்க மாமியா எனக்குப் போட்டது, நான் எங்கண்ணன் பொண்ணுக்குப் போட்டுக் கீறேன். பாரு, வெள்ளியாப் பூட்ச்சி! பவுனை வெள்ளியாக்கினியே, நீ மனுஷியா?”

நிஜமாகவே மூக்குத்தி வெள்ளையாக இருந்தது. ஈயம் பூசியது போல. கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டி மூக்குத்தியைத்தான் பார்த்தார்கள். ‘ஐயோ, பவுனு!’ என்று ஒருவர் நெஞ்சில் கை வைத்தார். அந்தப் பெண்ணின் கண் திறக்கவில்லையே என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. ஊர் எதற்குப் பதறும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதலாளி எழுந்து வந்தார். மனிதருக்கு ஒரு பதற்றமும் இல்லை. “ஸ்நோ மேல குத்தம் இல்லம்மா. பொண்ணுக்கு உடம்புச் சூடு. கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பா” என்றார்.

“நாங்க கத்திரிக்கா போட்றவங்க. வேற இன்னாத்தத் துன்றது?” என்றாள் அத்தை.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை. அவள் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். கால்வாசி மிச்சம் இருந்தது. அதை என் கையில் வைத்தாள்.

“நீ இதத்தானே பூசறேன்னு சொன்னே? இப்ப பூசு. எங்க எதிர்ல பூசு. உனக்கு ஒண்ணும் ஆவலன்னா எம்பொண்ணு ஒடம்புதான் கோளாறுன்னு நான் பூட்றேன்.”

முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். ஒரு தடவை பூசினால் ஒன்றும் ஆகாது, பூசிவிடு என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூசிவிட்டு நான் சிரித்திருந்தால் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். என் வேலை நிலைத்திருக்கும். என் பொய் ஊரறிய உண்மையாகியிருக்கும். விரலில் தொட்டு எடுத்தேன். கை கன்னம் வரை போயிற்று. மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது.

கை அங்கேயே நின்றுவிட்டது. நல்ல மனசால் நின்றது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயத்தால் நின்றது. என் முகத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அந்தப் பயம் உள்ளே ஓடிய பிறகுதான் அறிவு வந்தது: என் முகத்துக்கு நான் தொட அஞ்சுவதை இவள் முகத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

“நான் இதைப் பூசினதே இல்லை” என்றேன்.

தாய் கை ஓங்கினாள், பிறகு இறக்கிவிட்டாள். கன்னியம்மா மட்டும் ஒரு வார்த்தை கேட்டாள். நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்பொ இன்னாத்துக்குச் சொன்னே?”

இத்தனை வருஷம் யோசித்தும் அதற்கு ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள்.

எதிர்க்கடையில் ஒரு நகை ஆசாரி இருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், மூக்குத்தியைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

“ரசம்” என்றார். “பாதரசம். பவுனுல பட்டா இப்படித்தான் வெளுக்கும். நாங்க வேலைக்கு வெச்சிக்கிறது. கையில பட்டாலே அலம்பிடுவோம். இதப் போயி மொகத்துல பூசுவாங்களா?” பிறகு முதலாளியைப் பார்த்து, “இன்னா நைனா, மூஞ்சிக்கு முலாம் போட்றியா?” என்றார்.

மூக்குத்தியை நெருப்பில் காட்டினால் ரசம் பறந்துவிடும், பவுன் பழையபடி மஞ்சளாகிவிடும் என்று அவர் சொன்னதும் அத்தைக்காரிக்கு உயிர் வந்தது. ஆசாரி பின்னாலேயே உலைக்கு ஓடினாள். தாயும் ஓடினாள். கன்னியம்மா என்னோடு தனியாக நின்றாள். மூக்கில் வெறும் ஓட்டை. முகத்தை எந்த நெருப்பில் காட்டுவது?

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை. முதலாளி, “எங்கே போறே? கடை நேரம்” என்றார். நான் அவளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா என்னை நன்றாகத் திட்டினார். பிறகு அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: எதையும் பூசாதே, தேங்காயெண்ணெய் மட்டும் போதும், வெயிலில் நிற்காதே, கொப்புளத்தைக் கிள்ளாதே, மாசக்கணக்கில் பொறுத்துக்கொள். வெயிலில் நிற்காதே என்றதும் கன்னியம்மா லேசாகச் சிரித்தாள். கத்தரித் தோட்டத்துக்கு நிழலை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

பெண் பார்க்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. தள்ளிப்போடச் சொன்னேன். தாய் கேட்கவில்லை. ஒரு தடவை தள்ளினால் பெண்ணுக்கு ஏதோ நோய் என்று ஊர் பேசும் என்றாள். பவுடரை அப்பி, விளக்கைத் தள்ளி வைத்து, தலையைக் குனிந்து உட்கார வைத்துவிடலாம் என்பது அத்தையின் யோசனை. இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஆன பிறகும் தாய் என்னிடம்தான் கேட்டாள்: “நீ இன்னா சொல்றே?”

தொழிலில் இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். உங்களால் நஷ்டப்பட்டவர்களே உங்களிடம் யோசனை கேட்பார்கள். மூடி மறைக்கிற வழி ஒன்று உங்கள் பெட்டியிலேயே இருக்கும். என்னிடம் சீமைப் பவுடர் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. மாலை வெளிச்சத்தில் அந்த முகத்தை ஒரு மணி நேரத்துக்கு மறைத்திருக்க முடியும். புண்ணின் மேல் பவுடர் போட்டால் சீழ் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

“ஒண்ணும் பூசாதீங்க. அன்னிக்கு நானும் வர்றேன். கேட்டா நானே சொல்றேன், என்னாலதான் ஆச்சுன்னு” என்றேன்.

முதலாளிக்கு இது தெரிந்தது. “நீ அங்கே போய் நம்ம சரக்கைப் பத்தி வாயைத் திறந்தியானா, திரும்பி இங்கே வராதே” என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் திரையை மடித்து வைத்தேன். அதை ஏன் மடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆவடிக்காரர்கள் வந்தார்கள். பையன், அவன் தாய், ஒரு மாமன். அந்தத் தாய் வில்வண்டியிலிருந்து இறங்கும்போதே வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பையன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். சித்திரை வெயிலில் தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே துண்டு கட்டியிருந்தான். கண்ணும் மூக்கும் வாயும்தான் வெளியே தெரிந்தன.

“புள்ளைக்குப் பல்லுவலி” என்றாள் தாய். “ரெண்டு நாளா கஞ்சித் தண்ணிதான்.”

ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். தட்டில் முறுக்கு வைத்தார்கள். கன்னியம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். ஆசாரி சரிசெய்த மூக்குத்தி மஞ்சளாக ஜொலித்தது. முகத்தில் எண்ணெய் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் தலை குனியவில்லை.

பையனின் தாய் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். வாழைக்காய் வாங்குகிறவள் போல முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இன்னாம்மா இது, பொண்ணக் காட்றேன்னு சொல்ட்டு உரிச்ச பனங்கெழங்கக் காட்றீங்க? ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. எம்புள்ள ஆபீஸ்ல நாலு பேரு வந்து போற எடத்துல இதக் கூட்டிகினு போயி எப்பிடி நிறுத்தறது? இது இன்னா, பரம்பரையா?”

கன்னியம்மாவின் தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சொல்வதாகச் சொன்ன நேரம் அதுதான். எழுந்து வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம்.

பையன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒன்று தீர்ந்து இரண்டாவது கையில் இருந்தது. பல்வலிக்காரன் கடிக்கிற கடியா அது! அத்தைக்காரியின் கண் முறுக்கிலிருந்து கைக்குப் போயிற்று, கையிலிருந்து விரலுக்குப் போயிற்று. நகை விஷயத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“ஏம்மா, கொமாஸ்தா புள்ளைக்கு வெள்ளி மோதரமா போட்டுக் கீறீங்க?”

“வெள்ளியா?” பையனின் தாய் சீறினாள். “கண்ணு தெர்ல? அது பவுனு! எங்கப்பா போட்டது!” என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். காட்டியவள் அப்படியே நின்றாள். மோதிரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

நான் கிட்டே போனேன். துண்டிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. திரைக்கு இந்தப் பக்கம் நான் விற்றுக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் முதலாளி கிடங்குக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்!

இப்போது நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் இவள் மானம் போகும். நான் இதைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மா செம்பைக் கீழே வைத்தாள். நேராக அவனைப் பார்த்து, சந்தையில் விலை கேட்பது போலக் கேட்டாள்.

“எத்தினி டப்பா?”

அவன் கடிப்பதை நிறுத்தினான். மாமனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். தப்பிக்க வழி இல்லை. “மூணு” என்றான்.

“நான் ஒண்ணுதான்” என்றாள் கன்னியம்மா.

மாமன் எட்டித் துண்டை அவிழ்த்தார். அவள் முகத்தில் இருந்தது அத்தனையும் அவன் முகத்தில் மூன்று மடங்கு இருந்தது. பாவம், அவனும் கறுப்புதான். பெண் வீட்டார் சிவப்பு மாப்பிள்ளை கேட்பார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்கே தெரியாமல் பூசியிருக்கிறான். “அடப்பாவி, பல்லுவலின்னியேடா!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சந்தடியில் நான் எழுந்து நின்று, அந்த ஸ்நோவில் இருப்பது பாதரசம், இவளுக்கு அதை விற்றது நான்தான் என்று சொன்னேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. உண்மை சொல்ல வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

மாமன் நல்ல மனிதர். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல பூசிக் கீறாங்க. இதவிட என்னா பொருத்தம் வோணும்? முடிச்சிடலாம்.” கன்னியம்மாவின் தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். என் பாவம் இவ்வளவு சுளுவாகக் கழியும் என்று யார் நினைத்தார்கள்?

“எனக்கு வோணாம்” என்றாள் கன்னியம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“அவரு மொகம் போனதுக்குச் சொல்லல. எனக்கும்தான் போய்க் கீது. அவங்கம்மா என்னைப் பனங்கெழங்குன்னு சொன்னப்போ, துண்டுல மூடிகினு முறுக்குத் துன்னுகினு இருந்தாரே, அதுக்குச் சொல்றேன்.”

சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கையிலிருந்த பாதி முறுக்கைத் தட்டில் வைத்தான். அதற்காவது அவனுக்கு வெட்கம் வந்ததே.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனேன். திரைக்குப் பின்னால் முதலாளியின் மச்சினி உட்கார்ந்திருந்தாள். அதோடு அந்த வேலை முடிந்தது. சந்திரவதனாவை ஊரில் யாரும் தொடவில்லை. முதலாளி அதற்கெல்லாம் அசருகிறவரா? மூடியிலிருந்த பெண்ணின் முகத்தைச் சுரண்டிவிட்டு, பித்தளைக்கு மெருகு போடும் பசை என்று வேறு சீட்டு ஒட்டி, பட்டாளத்து ஆட்களிடம் கொண்டுபோனார். பித்தான்களும் வார்க்கொக்கிகளும் வெள்ளி மாதிரி பளபளத்தனவாம். கேட்டுக் கேட்டு வாங்கினார்களாம். ஒரு மனிதன் தன் சரக்குக்குச் சரியான உபயோகத்தைக் கண்டுபிடிக்க ஒரு பெண்ணின் முகமும் ஒரு பையனின் முகமும் தேவைப்பட்டன. அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. நானும் போகவில்லை. யாரிடம் போவது என்று தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

நான் பிற்பாடு தகரப் பெட்டி ஒன்றில் சோப்பும் சீப்பும் எண்ணெயும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றேன். முன்கையில் மூன்று நாள் தடவிப் பார்க்காத எதையும் பெட்டியில் வைக்கவில்லை. அதனால் பெட்டி ரொம்ப லேசாக இருந்தது. பிறகு பெரிய கடைகள், பிறகு உங்கள் கடை. அதெல்லாம் உங்கள் மேனேஜர் சொல்லிப் பெருமைப்படுவார்.

கன்னியம்மாவுக்கு முகம் ஆறியது. இரண்டு கன்னத்திலும் திட்டுகள் மட்டும் போகவில்லை. சில வருஷம் கழித்து மாங்காட்டுப் பக்கம் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால், பெண் பார்த்த ஞாயிறு போய் ஒரு மாதம் ஆனதும், நான் நசரத்பேட்டைக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு எடுத்துப் போயிருந்தேன். முதல் நாள் கடையில் அவள் பார்த்துக்கொண்டிருந்த சீப்பு. மன்னிப்புக் கேட்க எடுத்துப்போகும் பொருளுக்கு என்ன யோக்கியதை இருக்குமோ அதுதான் அதற்கும் இருந்தது.

அவள் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். தலையில் முக்காடு. என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். சீப்பை நீட்டினேன். வாங்கவில்லை. நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன்: எனக்குத் தெரியாது, முதலாளி சொன்னார், என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், இப்படி. சொல்லச் சொல்ல என் கண் வரப்பைப் பார்த்தது, கிணற்றைப் பார்த்தது, அவள் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தது.

“நிறுத்து” என்றாள். “ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான். பேசுவாங்க, மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டாங்க. நீயாவது பாரு. வித்தவ நீதானே?”

முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். வெயிலுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

நான் பார்த்தேன். இடது கன்னத்தில் மூன்று திட்டு, வலது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, புருவத்துக்கு மேலே காய்ந்த கொப்புளங்களின் தடம், மூக்கின் ஓரத்தில் இன்னும் ஆறாத ஒரு கீறல். வேர்வை அதன் மேல் வழிந்தபோது அவள் முகம் சுளித்தது; ஆனாலும் துடைக்கவில்லை. ‘போதும், போ’ என்று அவள் சொல்லும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் அதைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.